பேசாத நோயாளியும் காவலில்லாத பெயரும்

பேராதனைத் தாவரவியற் பூங்காவின் வரலாற்றைச் சொல்பவர்கள் மவுண்ட்பேட்டன் பிரபுவைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியக் கூட்டுப்படைகளின் தலைமையகத்தை அவர் டில்லியிலிருந்து அங்கேதான் மாற்றினார். ஆனால், நான் இன்று எழுத வந்தது அந்தத் தளபதியைப் பற்றியல்ல. அவருடைய குதிரைகளைப் பற்றி.

போலோ ஆட்டத்தில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்த மவுண்ட்பேட்டன், 'மார்கோ' என்ற புனைபெயரில் 1931ஆம் ஆண்டு அந்த ஆட்டத்துக்கு ஓர் அறிமுக நூலே எழுதியவர். 1930களின் இறுதியில் அவருக்கு ஏற்பட்ட தசைக் காயத்துக்குச் சார்ள்ஸ் ஸ்ட்ரோங் என்ற பிசியோதெரபிஸ்ட் சிகிச்சையளித்தார். குணம் கண்ட பிரபு, தமது போலோக் குதிரைகளையும் பார்க்கும்படி அவரை வேண்டிக்கொண்டாராம். தசைகளை மின்தூண்டலால் சுருங்கி விரியச் செய்யும் முறையை ஸ்ட்ரோங் குதிரைகளுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டார். பிற்காலத்தில் அதைப் பற்றி நூலும் எழுதினார். பிரித்தானியாவில் விலங்குகளுக்கான பிசியோதெரபியின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சம்பவத்திலிருந்தே தொடங்குகிறார்கள்.

ஒரு பிரபுவின் ஆசையிலிருந்து ஒரு தொழில் தோன்றிவிடுவதில்லை. அதற்கு விதியும் வேண்டும், பயிற்சியும் வேண்டும், பரீட்சையும் வேண்டும். இந்தத் தொழிலுக்கு அவை எவ்வாறு கிடைத்தன, எது இன்னும் கிடைக்கவில்லை என்பதை அறிய வேண்டுமானால் 1894ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டில், உடம்பு பிடித்துவிடும் நிலையங்கள் என்ற பெயரில் இலண்டனில் விபசார விடுதிகள் நடப்பதாகப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை எழுதியது. பெரும் பரபரப்பு எழுந்தது. முறையாகக் கற்று, நோயாளருக்கு நேர்மையாகச் சிகிச்சையளித்துவந்த தாதியரின் பெயரும் அதனால் கெட்டது. ரொசலின்ட் பஜெட், லூசி ரொபின்சன், எலிசபெத் மான்லி, மார்கரெட் பாமர் ஆகிய நான்கு பெண்கள் அதற்குத் தந்த பதில் ஒரு கண்டன அறிக்கையன்று. பயிற்சி பெற்ற உடற்பிடிப்பாளர்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்தார்கள். பரீட்சை நடத்தி, சித்தியடைந்தவர்களுக்குச் சான்றிதழ் வழங்கினார்கள். மருத்துவரின் பணிப்பு இன்றிச் சிகிச்சை செய்யக் கூடாது, பொதுப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்யக் கூடாது என்று விதிகளும் வகுத்தார்கள். அந்தச் சங்கம் 1920இல் அரச பட்டயம் பெற்றது. 1944இல் பட்டயப் பிசியோதெரபிச் சங்கம் என்ற இன்றைய பெயரை ஏற்றது. அதாவது, மவுண்ட்பேட்டன் பேராதனைக்கு வந்த அதே ஆண்டில்!

தம் பெயருக்கு வந்த களங்கத்தை நான்கு பெண்கள் பரீட்சையால் துடைத்தார்கள் என்பதே இந்த வரலாற்றில் நான் அடிக்கோடிட விரும்பும் செய்தி.

மிருக வைத்தியத் துறையின் பாதை வேறு. குதிரையேற்றப் பயிற்சிக் கழகமொன்றின் தலைவராக இருந்த குளோட் பூர்ஷெலா, பிரான்சின் லியோன் நகரில் 1761ஆம் ஆண்டு அரசின் அனுமதி பெற்று உலகின் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரியை நிறுவினார். 1791இல் இலண்டனிலும் அத்தகைய கல்லூரி தோன்றியது. 1844இல் பிரித்தானிய மிருக வைத்தியர்களின் அமைப்புக்கு அரச பட்டயம் கிடைத்தது. பின்னர், பதிவுபெற்ற மிருக வைத்தியர் தவிர வேறெவரும் விலங்குக்கு வைத்தியம் பார்க்கலாகாது என்பது சட்டமாயிற்று. 1966ஆம் ஆண்டின் சட்டம் இன்றும் அதையே சொல்கிறது.

அப்படியானால், குதிரையின் முதுகில் கைவைக்கும் பிசியோதெரபிஸ்ட் சட்டத்தை மீறுகிறாரா? இந்தக் கேள்விக்கு 1962ஆம் ஆண்டின் விதிவிலக்குக் கட்டளை விடையளித்தது. மிருக வைத்தியர் விலங்கைப் பரிசோதித்துப் பிசியோதெரபி தேவை என்று பணித்தால், அவருடைய பணிப்பின் கீழ் இன்னொருவர் அதனைச் செய்யலாம். 2015இல் அக்கட்டளை புதுப்பிக்கப்பட்டபோதும் இந்த ஏற்பாடு நிலைத்தது. 1894இன் நான்கு பெண்கள் மருத்துவரின் பணிப்பைத் தாமாகவே விதியாக்கினார்கள். இங்கே அதைச் சட்டம் விதித்தது.

1980களின் நடுப்பகுதியில், விலங்குகளுக்குச் சிகிச்சையளிக்கும் பட்டயப் பிசியோதெரபிஸ்ட்டுகள் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தார்கள். அவர்கள் வகுத்த பாதை நீண்டது. முதலில் மனிதருக்கான பிசியோதெரபியில் பட்டம் பெற வேண்டும். அதன் பின்னரே விலங்குகளுக்கான மேற்படிப்பு. காலப்போக்கில் இந்த மேற்படிப்பு பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. மனித பிசியோதெரபியைக் கற்காமல் நேரடியாகவே விலங்குப் பிசியோதெரபி பயிலும் பாடநெறிகளும் தோன்றின. எது சிறந்த பாதை என்ற விவாதம் இரு தரப்புக்கும் இடையே நீண்டகாலமாக இருந்துவருகிறது.

அப்படி என்னதான் கற்க வேண்டியிருக்கிறது? குதிரைக்குக் காறையெலும்பு இல்லை. அதன் முன்கால்கள் உடலோடு மூட்டினால் அல்ல, தசைகளாலும் இழையங்களாலுமே பிணைக்கப்பட்டுள்ளன. மனிதத் தோளைப் பற்றி அறிந்த அறிவு அங்கே பாதிவழியில் நின்றுவிடும். நாயின் முழங்காலில் இணையம் கிழிந்தால் என்ன செய்வது, நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் கொண்ட டக்ஸ்ஹுண்ட் நாய்க்கு முள்ளந்தண்டு வட்டு பிதுங்கினால் எவ்வாறு மீண்டும் நடக்கப் பழக்குவது, நீருக்குள் ஓடும் நடைப்பட்டையில் எவ்வளவு ஆழத்துக்கு நீர் நிரப்பினால் காலின் மேல் விழும் பாரம் போதிய அளவு குறையும் என்பன எல்லாம் தனித்தனிப் பாடங்கள்.

எல்லாவற்றையும் விடக் கடினமான பாடம் வேறொன்று. நோயாளி பேசமாட்டார். 'எங்கே வலிக்கிறது?' என்பதே மனித வைத்தியத்தின் முதற்கேள்வி. இங்கே அக்கேள்வியைக் கண்ணாலும் கையாலும் கேட்க வேண்டும். முன்காலொன்று நொந்த குதிரை, அந்தக் கால் நிலத்தில் படும்போது தலையை உயர்த்தும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். வேட்டையாடப்படும் இனமாகையால் வலியை மறைப்பதும் அதன் இயல்பு. காதின் நிலை, கண்ணைச் சுற்றிய இறுக்கம், தாடையின் விறைப்பு ஆகியவற்றைக் கொண்டு குதிரையின் வலியை அளவிடும் முகக்குறி அளவுகோல் ஒன்றை ஆய்வாளர்கள் வெளியிட்டது 2014இல்தான்.

மனித அறிவு விலங்குக்குப் பயன்பட்டதற்கு ஓர் அழகான உதாரணம் உண்டு. மனிதரில் முதுகுவலி வந்தால் முள்ளந்தண்டை ஒட்டிய ஆழ்தசையொன்று மெலிகிறது என்றும், வலி நீங்கிய பின்னரும் அது தானாகத் தேறுவதில்லை என்றும் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகப் பிசியோதெரபிஸ்ட்டுகள் 1990களில் காட்டினார்கள். அதே தசை குதிரைக்கும் உண்டு. ஆனால், குதிரையிடம் 'வயிற்றை உள்ளிழுத்து மெல்லக் குனி' என்று சொல்ல முடியாதே! கரட் துண்டொன்றைக் காட்டி, அதன் தலையை மார்புக்கும் விலாவுக்கும் முன்கால்களுக்கிடையேயும் வரச் செய்தார்கள். எட்டுக் குதிரைகளுக்கு மூன்று மாதங்கள் இந்தப் பயிற்சி அளித்தபோது அந்தத் தசை பருத்திருப்பது ஸ்கான் மூலம் தெரிந்தது. நரெல் ஸ்டப்ஸ் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் ஹிலரி கிளேட்டன் என்ற மிருக வைத்தியரும் பங்குகொண்ட அந்த ஆய்வு 2011இல் வெளியானது. இரு துறைகள் ஒரே லாயத்தில் நின்றதனால் கிடைத்த பலன் அது. அதே ஆண்டில், பிசியோதெரபிஸ்ட்டுகளின் உலக அமைப்பு விலங்குப் பிசியோதெரபியைத் தனது உபபிரிவுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இவ்வளவுக்குப் பின்னரும் ஓர் ஓட்டை இருக்கிறது. பிரித்தானியாவில் 'பிசியோதெரபிஸ்ட்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவில்லாதவர் அதைப் பயன்படுத்துவது குற்றம். ஆனால், அதன் முன்னால் 'விலங்கு' என்றோ 'மிருக வைத்திய' என்றோ ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஏழெட்டு ஆண்டுகள் படித்தவரும், சில வார இறுதி வகுப்புகளுக்குப் போய்வந்தவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ளலாம். தகுதியானவர்களின் பெயர்ப்பதிவேடுகளைத் தொழிலமைப்புகள் தாமாகவே பேணிவருகின்றன. ஆயினும், அவற்றில் சேராதவரைத் தடுக்கச் சட்டம் இல்லை.

எங்கள் தொழிலும் அப்படித்தான். 'பத்திரிகையாளர்' என்று அட்டை அச்சிட்டுக்கொள்ள எவரும் பரீட்சை எழுத வேண்டியதில்லை. அவ்வாறு வந்தவர்கள் செய்த கேட்டை என் தொழில்வாழ்வில் நிறையவே கண்டிருக்கிறேன். ஆனாலும், நாங்கள் பிழையாக எழுதினால் மறுநாள் காலையில் மறுப்பறிக்கை வந்துவிடும். வழக்கறிஞரின் கடிதமும் சிலவேளைகளில் வரும். நொந்த முதுகைத் தவறாக அழுத்தியவர் மீது குதிரை எங்கே முறையிடும்? முறையிட வாயில்லாத நோயாளிக்குச் சிகிச்சையளிப்பவரின் பயிற்சியே ஒரே பாதுகாப்பு. பேசக்கூடிய நோயாளிக்குச் சட்டம் தந்த காவலைப் பேசமாட்டாத நோயாளிக்குத் தராமல் விட்டது எந்த நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

பேராதனையில் தொடங்கினேன், அங்கேயே முடிக்கிறேன். பூங்காவுக்கு அயலிலுள்ள பல்கலைக்கழகத்தில் இன்று மிருக வைத்திய பீடமும் இருக்கிறது. பிசியோதெரபியில் பட்டம் வழங்கும் இணை சுகாதார விஞ்ஞான பீடமும் இருக்கிறது. கண்டியிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும்போது கேகாலைக்கு அருகே வருவது பின்னவல. 1975இல் தொடங்கப்பட்ட அந்த யானைகள் சரணாலயத்தில், மிதிவெடியில் முன்காலின் பாதத்தை இழந்த 'சமா' என்ற யானை மூன்று கால்களால் நடந்ததைப் பார்த்தவர்கள் பலர். மனிதர் புதைத்த வெடி அது. எஞ்சிய மூன்று கால்களும் முள்ளந்தண்டும் அந்தப் பாரத்தை எவ்வாறு தாங்கின என்று அந்த யானை ஒருநாளும் சொன்னதில்லை.

அதை அதன் நடையிலிருந்து வாசிக்கத் தெரிந்தவர்களை உருவாக்குவதற்குப் பெயர்தான் பயிற்சி.