கூரைமேல் ஒரு சரித்திரம்: மீன்சுருட்டிப் பக்கத்து டி.வி. கதை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி இருந்தால் நல்லது என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். ராஜேந்திர சோழனைப் பற்றி எழுத விஷயம் தெரிந்த பெரியவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். நானோ பௌதிகம் படித்தவன். படிப்பு முடிந்து வேலை கிடைக்காத இரண்டு வருஷம், மீன்சுருட்டிப் பக்கம் ஒரு கேபிள்காரரோடு வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்தவன். அதனால் ஓட்டு வீடுகளின் மேல் நின்ற அலுமினியக் கம்பிகளின் கதையை எழுதுகிறேன். அதுவும் சரித்திரம்தானே?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ஆனால் நம் ஊருக்கு அது கேள்விப்பட்ட சேதி மட்டும்தான். மீன்சுருட்டியிலிருந்து சென்னை, காக்கை பறக்கும் கணக்கில் ஏறக்குறைய 225 கிலோமீட்டர். டி.வி. அலை ரேடியோவின் மத்திய அலை மாதிரி வளைந்து நெளிந்து வராது. பூமி உருண்டை என்பதால் நூறு கிலோமீட்டரைத் தாண்டுவதற்குள்ளேயே அலை நம் தலைக்கு மேலே போய்விடும்.

இங்கேதான் வேடிக்கை. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-ல் ஒளிபரப்பைத் தொடங்கியது. வன்னியில் கொக்காவில் என்ற இடத்தில் அதற்கு ஓர் அஞ்சல் நிலையம் இருந்தது. வரைபடத்தில் அளந்து பாருங்கள், நமக்குச் சென்னை எவ்வளவு தூரமோ கொக்காவிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் நடுவே கடல். வெயில் தாழ்ந்த பிறகு கடல்மேல் ஈரக்காற்றும் உலர்காற்றும் அடுக்கடுக்காக நிற்கும்போது, அந்த அடுக்குக்குள் அலை மாட்டிக்கொண்டு குழாய்க்குள் தண்ணீர் ஓடுவதுபோல ஓடிவரும். அதனால்தான் சாயங்காலம் பளிச்சென்று தெரிந்த படம் மறுநாள் மதியம் வெறும் புள்ளி மழையாக இருந்தது. கம்பத்தைத் திருப்புகிறவர் மேலே, "வந்துருச்சா? வந்துருச்சா?" கீழே, "இன்னும் கொஞ்சம்... ஐயோ, போயிருச்சு!" அந்தச் சத்தம் கேட்காத தெரு அன்றைக்கு டெல்டாவில் உண்டா?

அந்தக் காலத்துப் பூஸ்டரில் ஒரு தப்பு எல்லாரும் செய்தார்கள். பெட்டியை டி.வி.க்குப் பக்கத்தில், சாமி மாடம் மாதிரி ஒரு பலகை அடித்து வைப்பார்கள். நாற்பது அடிக் கம்பத்திலிருந்து இறங்கி வருவதற்குள் வயரே பாதியைத் தின்றுவிடும். மிச்சத்தைப் பூஸ்டர் பெரிதாக்கும்போது அதோடு இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். தொலைந்த சிக்னலைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பெட்டியாலும் முடியாது. பூஸ்டரை ஆண்டெனாவின் காலடியிலேயே கட்டவேண்டும். பின்னால் வந்த டிஷ்ஷின் நடுவே எல்.என்.பி. உட்கார்ந்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

1990 ஜூலையில் கொக்காவில் முகாம் போரில் வீழ்ந்தது. நாங்கள் "ரூபவாஹினி போச்சே" என்று கம்பத்தை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே போனது படம் மட்டும் இல்லை என்பது புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. அந்தக் கோபுரம் மறுபடி எழுந்து நின்றது 2011-ல்.

டிஷ் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்கு நேரடியாகக் கல்வி நிகழ்ச்சி காட்டினார்கள். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. பத்தடி டிஷ், அதற்குக் கோழிக்கூண்டு வலை! அன்று அலைநீளம் முப்பத்தைந்து சென்டிமீட்டர், வலையின் ஓட்டை பெரிதாக இருந்தாலும் பாதகமில்லை. 1990 ஏப்ரலில் ஏவப்பட்ட ஏசியாசாட்-1 சமாசாரம் வேறு. அதன் அலைநீளம் ஏழரை சென்டிமீட்டர்தான். ஸ்டார் டி.வி. பார்க்கிறேன் என்று அதே கோழி வலையைக் கட்டினவர்களுக்கு அலை ஓட்டை வழியே ஒழுகிப் போயிற்று.

1991-ல் வளைகுடாப் போரையும் ஸ்டார் டி.வி.யையும் காட்டிப் பட்டணங்களில் ஆரம்பித்தது இந்தத் தொழில். 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. வந்ததும் கிராமத்துக்கும் இறங்கியது. நாங்கள் பன்னிரண்டடி டிஷ்ஷைக் கிழக்கே, கொஞ்சம் தெற்காக, ஐம்பத்தேழு டிகிரி தூக்கி வைப்போம். விளிம்பு இரண்டு அங்குலம் இறங்கினாலே ஏசியாசாட் போய்விடும். ஆடிக் காற்றடித்தால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும் சில நிமிஷங்கள் படம் செத்துவிடும். "மிஷின் ரிப்பேரா?" என்று ஆள் வரும். சூரியன் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

டிஷ்ஷைவிடத் தெருதான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. ஒரு வீட்டுக்குக் கிளை பிரிக்கும்போது சிக்னல் கொஞ்சம் குறையும். முதல் வீட்டுக்குச் சொட்டாகவும் கடைசி வீட்டுக்குத் தாராளமாகவும் கொடுக்கிற டேப் போட்டால்தான் எல்லாருக்கும் சமமாக வரும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. லைன் ஊர்த்தெருவில் புறப்பட்டு, பெரிய வீடுகளைத் தாண்டி, கடைசியில் காலனிக்குப் போகும். முதல் வீட்டில் கண்ணாடி மாதிரிப் படம், காலனியில் புள்ளி மழை. மாதப் பணம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே. நடுவிலிருந்த ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வீட்டில்தான் கரண்ட் எடுத்திருந்தோம். அந்த வீட்டார் கோபித்துக்கொண்டு சுவிட்சை அணைத்தால் அதற்கப்பால் எல்லாம் இருட்டு.

ஒருநாள் காலனியிலிருந்து ஒரு பெரியம்மா வந்து, "தம்பி, எங்க காசுல மட்டும் புள்ளி இல்லையே?" என்றார். எங்கள் அண்ணன் ஆம்ப்ளிஃபயரைக் கூட்டி வைக்கச் சொன்னார். கூட்டினால் முதல் வீடுகளில் படம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. கடைசியில் ஒரு வாரம் உட்கார்ந்து டேப்புகளை எல்லாம் மாற்றி, காலனிக்கென்று தனி வயர் இழுத்தோம். முன்பே செய்திருக்கலாம். லைனை அப்படி இழுத்தது பௌதிகம் இல்லை, நாங்கள்தான்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 1995-ல் கேபிள் சட்டம். 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமில்லா டி.டி.எச். 2006-ல் அரசின் இலவசக் கலர் டி.வி. 2011-ல் எழுபது ரூபாய்க்கு அரசு கேபிள். டி.டி.எச். வந்ததும் கடைசி வீடு என்பதே இல்லாமல் போயிற்று. அவரவர் கூரையில் அவரவர் கிண்ணம். ஐப்பசி மழை கொட்டும்போது மட்டும் பெரிய வீடு, சின்ன வீடு எல்லாவற்றிலும் சேர்ந்து படம் போகும். 2010 ஜூலையில் இன்சாட்-4பியில் மின்சாரக் கோளாறு வந்து, சன் டைரக்ட் வேறு செயற்கைக்கோளுக்கு மாறியபோது, வானத்தில் வெறும் இரண்டு டிகிரிக்காக ஊர் ஊராகக் கிண்ணங்களைத் திருப்பினார்கள். அப்போது கூரைமேல் நின்ற பையன் கீழே பார்த்துக் கேட்டதும் அதே கேள்விதான்: "வந்துருச்சா?"

எங்கள் அண்ணனின் பன்னிரண்டடி டிஷ் அவர் வீட்டுக் கொல்லையில் இன்னமும் கிடக்கிறது. போன தை மாதம் போயிருந்தபோது அதன்மேல் அவரைக்கொடி படர்ந்திருந்தது. எந்தப் பக்கம் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நூத்தஞ்சரை டிகிரிதாண்டா, ஆட்டல" என்றார்.