ஆலங்குளம், சிவகாசி வட்டாரப் போக்குவரத்து

தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் நெல்லை–தென்காசிச் சாலையில் இருப்பதால் பெயரைச் சொன்னதும் பலருக்கும் அதுவே நினைவுக்கு வரும். இக்கட்டுரை பேசுவது விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை வட்டத்தில் அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் ஆலங்குளத்தைப் பற்றி. கரிசல் காடு, மானாவாரி வெள்ளாமை. ஒரு பக்கம் ராஜபாளையம், மறுபக்கம் சிவகாசி. இந்த வட்டாரத்தில் பாதைகள் பெரும்பாலும் சரக்குக்காகப் போடப்பட்டவை. ஆட்கள் பிற்பாடு அவற்றில் ஏறிக்கொண்டார்கள்.

பக்கத்து வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரையில் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்துள்ளன. வளையல் அறுக்கும் சங்கு கரிசலில் விளைவதில்லை. மன்னார் வளைகுடாக் கரைக்கும் இந்த அகழாய்வு மேட்டுக்கும் இடையே ஒரு சரக்கு வழி மிகப் பழங்காலத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

எழுத்தில் தெளிவாகத் தெரிவது 19ஆம் நூற்றாண்டின் வண்டிப்பேட்டைகள். சிவகாசி, விருதுப்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர்கள் பருத்தி, புகையிலை, கருப்பட்டி போன்றவற்றை மாட்டுவண்டிகளில் கொண்டுபோய் விற்றனர். வழிப்பறிப் பயம் இருந்ததால் இராத் தங்குவதற்குப் பேட்டை கட்டினார்கள்: சுற்றிலும் மதில், உள்ளே கிணறு, மாடு கட்ட இடம், சரக்கு வைக்க அறை. இதற்கான செலவு மகமையிலிருந்து வந்தது. வாங்கி விற்கும் சரக்கின் மேல் வணிகர்கள் தாமே விதித்துக்கொண்ட வரி அது. அரசாங்கம் சாலை போட வருமுன்பே ஒரு சமூகம் தன் கைக்காசில் போக்குவரத்து அமைப்பை உருவாக்கிக்கொண்டது என்பதை ஆய்வாளர்கள் சாதி வரலாறாகவே எழுதினார்கள்; சாலை வரலாறாகவும் அதை எழுதியிருக்கலாம். பேட்டைகளின் தேவை குறைந்தபின் மகமைப் பணம் பள்ளிக்கூடங்களுக்குப் போனது. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை (1889) அந்த வகையில் வந்ததுதான்.

மதுரை–தூத்துக்குடி ரயில் 1876இல் ஓடத் தொடங்கியது. விருதுப்பட்டி, சாத்தூர்ச் சந்தைகளுக்கு அதன்மூலம் துறைமுகம் கிட்டத்தில் வந்தது. 1923இல் விருதுநகர் என்று பெயர் மாறிய விருதுப்பட்டியில் மிளகாய்க்கும் எண்ணெய்க்கும் சொல்லப்படும் விலை இன்றும் தென்தமிழகம் முழுதும் கவனிக்கப்படுகிறது. அதே 1923இல்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசி திரும்பினார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1927இல், விருதுநகர்–தென்காசி மீட்டர்கேஜ் பாதை சிவகாசி வழியே திறக்கப்பட்டது. செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு 1904 முதலே ரயில் இருந்ததால் மலையைத் தாண்டி ஒரே தொடராக வழி அமைந்தது. தீக்குச்சிக்கு ஏற்ற மட்டி போன்ற மென்மரங்கள் கரிசலில் கிடையாது, கேரளத்திலிருந்துதான் வந்தாக வேண்டும்.

இந்தப் பாதை சிவகாசியிலிருந்து நேரே மேற்கே போகாமல், வடக்கே வளைந்து ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொட்டு ராஜபாளையத்தில் இறங்குகிறது. அந்த வளைவுக்குத் தெற்கே தனித்து நின்றுவிட்டது ஆலங்குளம். பாதை 2004இல் செங்கோட்டை வரை அகலப்பாதையானது. புனலூர் மலைப்பகுதியில் மாற்றுப்பணி இழுத்தடித்ததால் 2010 முதல் 2018 வரை மலையைத் தாண்டி ரயில் இல்லை.

ரயில் இல்லாத ஆலங்குளத்தில்தான் 1970இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் (டிட்கோ) சிமெண்ட் ஆலையைத் தொடங்கியது. 1976இல் டான்செம் என்ற அரசு சிமெண்ட் நிறுவனம் அமைக்கப்பட்டு ஆலை அதன் பொறுப்புக்கு வந்தது. ஆலை அங்கே அமையச் சுண்ணாம்புக்கல் அருகில் கிடைத்ததே காரணம். சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் செலவாகும் என்பதால் சிமெண்ட் ஆலை கல்லைத் தேடித்தான் போகும். விருதுநகர் அருகே துலுக்கப்பட்டியில் அமைந்த தனியார் ஆலைக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம் இருந்தது. ஆலங்குளத்துக்கு லாரிதான் கதி.

அதன் விளைவைச் சாலை சுமந்தது. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண் கிராவலைத் தடிமனாகக் கொட்டி இறுக்காமல் அதன்மேல் தார் போட்டால் இரண்டு மழைக்குத் தாங்காது. அச்சின் மேல் ஏறும் எடை இரட்டிப்பானால் சாலைக்கு நேரும் சேதம் சுமார் பதினாறு மடங்காகும் என்பது நெடுஞ்சாலைப் பொறியியலின் பழைய கணக்கு. ஆலங்குளம் முக்கு ரோட்டில் லாரிகள் திரும்பும் இடத்தில் ஏன் எப்போதும் பள்ளம் என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கே பதில்.

சிமெண்ட் லாரி எடையால் நிறையும், பட்டாசு லாரி உயரத்தால் நிறையும். பயணிகள் ரயிலில் பட்டாசு கொண்டுபோவது ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவுப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை உண்டு. வடமாநிலங்களுக்குப் போகும் பட்டாசு சாலை வழியே போவதால் சிவகாசியில் லாரி செட்களும் புக்கிங் ஆபீஸ்களும் தெருக்கணக்கில் பெருகின. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அங்கே போய் நின்றால் அட்டைப்பெட்டிகள் கைமாறிக் கைமாறி மேலேறுவதைப் பார்க்கலாம். எறியக் கூடாது, உருட்டக் கூடாது, தரையில் இழுக்கக் கூடாது என்பது வெடிபொருள் விதி. கடைசி வரிசை ஏறியதும் தார்ப்பாயை இழுத்து, இருவர் கயிற்றில் தொங்கி முடிச்சுப் போடுவார்கள். கல்கத்தாவரை அந்த முடிச்சு நிற்க வேண்டும்.

ஆட்களின் போக்குவரத்துக் கதை வேறு. 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாகும் வரை மதுரைச் சீமையின் பேருந்துகளில் பெரும்பங்கு டி.வி.எஸ். நிறுவனத்தினுடையவை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய கழகம் தொடங்கப்பட்டு, கட்டபொம்மன் படையில் போரிட்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தலித் வீரர் ஒருவரின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என ஆதிக்கச் சாதியினரில் ஒரு பகுதியினர் கிளம்ப, தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. 1985 முதல் காமராஜர் மாவட்டமாக இருந்தது விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். ஊர் ஊருக்கு வேறு வேறு பெயரோடு ஓடிய பேருந்துகள் இன்று ஒரே பெயரில் ஓடுவதற்குப் பின்னால், நிர்வாக வசதியைவிட இந்தத் தோல்விதான் பெரிது.

பட்டாசு ஆலைகள் பாதுகாப்புக்காக ஊருக்கு வெளியே, காட்டுக்குள் இருப்பவை. விடிகாலையில் கிராமம் கிராமமாக ஆள் ஏற்றிவரும் ஆலை வேன்கள்தான் அங்கே நடைமுறைப் பொதுப் போக்குவரத்து. விபத்து நேர்ந்தாலும் அதே ஒற்றைத் தார்ச்சாலைதான். கடும் தீக்காயம் பட்டவர் பலரை மதுரைக்குக் கொண்டுபோவார்கள். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 38 பேர் மாண்டபோதும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்து ஆலை வெடித்தபோதும் ஆம்புலன்ஸ்கள் ஓடியது இந்தச் சாலைகளில்தான். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பேருந்து நேரமும் ஆலை நேரமும் ஒத்துப்போகும் ஊர்ப் பெண்களுக்கு அது கூலி உயர்வுபோல அமைந்தது.

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையின் எண் 208 என்பதிலிருந்து 744 ஆக மாறியிருக்கிறது. அதில் திருமங்கலம்–ராஜபாளையம் பகுதி நான்குவழிச் சாலையாகிறது. ஆலங்குளத்து லாரி அதைப் போய்ச் சேர ராஜபாளையம் வரை பழைய இருவழிச் சாலையில்தான் போக வேண்டும்.