கர்த்தா மறைந்த வாக்கியம்

ஆங்கிலச் செயப்பாட்டு வினையை நாம் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கைப் போலத்தான் கற்றோம். 'ராமா ரோட் எ லெட்டர்' என்றால் 'எ லெட்டர் வாஸ் ரிட்டன் பை ராமா.' எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறும், நடுவில் ஒரு 'பை' வரும், மார்க் கிடைக்கும். நெஸ்ஃபீல்டின் இலக்கணமும் அதற்குப் பின் 1930களில் வந்த ரென் - மார்ட்டின் இலக்கணமும் பல தலைமுறைகளை இந்தப் பயிற்சியில் உட்கார வைத்தன. இரண்டு வாக்கியங்களும் சொல்வது ஒன்றே, உடைதான் வேறு என்ற நம்பிக்கை அதிலிருந்து நமக்கு வந்தது.

நிஜமான ஆங்கில வாக்கியங்கள் இந்த நம்பிக்கைக்கு இடம் தருவதில்லை. டென்மார்க்கின் இலக்கண அறிஞர் யெஸ்பர்சன் 1924இல் வெளியிட்ட 'இலக்கணத்தின் தத்துவம்' நூலில் இதைக் கவனித்திருக்கிறார். ஆங்கில எழுத்தில் வரும் செயப்பாட்டு வாக்கியங்களில் பெரும்பாலானவற்றில் கர்த்தா வருவதே இல்லை. அதாவது ராமனைச் சொல்லாமல் விடுவதற்குத்தான் ஆங்கிலம் இந்த அமைப்பைப் பெரிதும் நாடுகிறது. கர்த்தா யாரென்று தெரியாமலிருக்கலாம். எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் சொல்லத் தேவையில்லாமல் இருக்கலாம். சொல்ல விருப்பமில்லாமலும் இருக்கலாம். வாக்கியத்தின் முகத்தைப் பார்த்து இம்மூன்றில் எது என்று கண்டுபிடிக்க முடியாது. பள்ளிக்கூடம் சொல்லித் தராதது இதுதான்.

இந்த வாக்கியம் நம் பக்கம் வந்து சேர்ந்த வழிகளில் ஒன்று கடலூர். தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கம்பெனி மராட்டியரிடமிருந்து 1690இல் வாங்கியது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன பிறகு, 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் இந்த செயின்ட் டேவிட் கோட்டையே. கம்பெனிக் கவுன்சில்களின் குறிப்பேடுகளில் 'ஆர்டர்ட்', 'அக்ரீட்' என்று தொடங்கும் வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். உத்தரவிடப்பட்டது, ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த அறைக்குள் இதில் மோசடி ஏதுமில்லை. உத்தரவிட்டது யார் என்பது மேஜையைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தெரியும். அதே வாக்கியம் கலெக்டர் கச்சேரி, தாலுகா, தண்டோரா என்று படியிறங்கி வரும்போதுதான் மாறிப்போகிறது. அறைக்குள் சொல்லத் தேவையில்லாதிருந்த கர்த்தா, தெருவில் நிற்பவனுக்குக் கேட்க முடியாத கர்த்தா ஆகிவிடுகிறான்.

இதை வைத்துக்கொண்டு, செயப்பாட்டு வினையே வெள்ளைக்காரன் இறக்குமதி செய்த சரக்கு என்று முடிவு கட்டிவிடுபவர்கள் உண்டு. திராவிட மொழிகளுக்கென்று முறையான செயப்பாட்டு வினை இல்லை என்று கால்டுவெல் 1856இல் எழுதியது அவர்களுக்குத் துணை நிற்கிறது. ஆனால் 'செயப்படுபொருள்' என்ற சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள்ளேயே 'படு' இருக்கிறது. செயப்படுபொருளே செய்தது போலப் பேசும் வழக்கையும் தொல்காப்பியர் குறித்து வைத்திருக்கிறார். யாரோ மெழுகிய திண்ணையைத் திண்ணையே மெழுகியதாகச் சொல்லும் பேச்சை உரைகாரர்கள் இதற்கு உதாரணம் காட்டுகிறார்கள். ஆகவே கர்த்தாவை விட்டுவிடும் வழிகள் நம்மிடம் முன்பே இருந்தன. கச்சேரியிலிருந்து வந்தது இலக்கணம் அல்ல, ஒரு தொனி. ஆணையிடப்படுகிறது, கோரப்படுகிறது, நிராகரிக்கப்படுகிறது என்று ஆளில்லாத இடத்திலிருந்து வரும் குரல் அது.

செய்வினை எழுத முடிகிற இடத்தில் செயப்பாட்டு வினை எழுதாதே என்று 1946இல் ஆர்வெல் விதி வகுத்தார். அந்தக் கட்டுரையிலேயே அவர் தாராளமாகச் செயப்பாட்டு வினையை எழுதியிருக்கிறார். எனவே விதி போட்டு விரட்டிவிடக் கூடிய விஷயமல்ல இது. கர்த்தா இல்லாமல் போவதால் யாருக்கு லாபம் என்று ஒவ்வொரு வாக்கியத்திடமும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் பேச்சுத் தமிழ் இதில் கொஞ்சம் நேர்மையாக இருக்கிறது. 'அவனை அடிச்சுட்டாங்க' என்கிறோம். அடித்தவர்களின் பெயர் இதிலும் இல்லை. ஆனால் 'ஆங்க' என்ற விகுதி இருக்கிறது. சில மனிதர்கள் அடித்திருக்கிறார்கள் என்பதை வினைமுற்று விட்டுக்கொடுப்பதில்லை. 'அவன் அடிக்கப்பட்டான்' என்று எழுதும்போது அந்த விகுதியும் போய்விடுகிறது. வினைமுற்று இப்போது அடி வாங்கியவனோடு ஒட்டிக்கொள்கிறது.

சிதம்பரத்துக்குத் தெற்கே, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து போனார்கள். 'எரிந்து போனார்கள்' என்று இப்போது நான் எழுதியதைக் கவனிக்க வேண்டும். திண்ணை மெழுகிய கதைதான் இது, ஆனால் இங்கே அது குற்றம். '44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர்' என்பது இதைவிட மேல். கொலை என்றாவது சொல்கிறது. ஆனால் அதிலும் 'அனர்' என்ற விகுதி செத்தவர்களுடையது. எரித்தவர்களுக்கு அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே கதைதான். அந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தால் 'எரிச்சுட்டாங்க' என்றுதான் சொல்லியிருப்பார்.

இதையெல்லாம் நான் யோசிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு நகைக்கடன் நோட்டீஸ். அண்ணாகிராமத்திலிருந்து ஓர் அம்மாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் கவுண்டருக்கு வந்தார். குறித்த தேதிக்குள் மீட்காவிட்டால் நகை ஏலம் விடப்படும் என்றிருந்தது. ஆங்கில வாசகத்தைப் பார்த்துத் தமிழில் எழுதியவன் நான்.

"யாரு சார் ஏலம் வுடறது? நீங்களா?"

"நான் இல்லம்மா, பேங்க்."

"பேங்க்குல யாரு? சொன்னா அவருகிட்ட போயி ஒரு மாசம் தவணை கேட்டுக்குவேன்."

அவர் கேட்டது இலக்கணக் கேள்வியல்ல, ஆனால் அந்த வாக்கியத்தின் ஓட்டை இருந்த இடத்தில்தான் அவர் விரல் பட்டது. அந்த வாக்கியத்தில் அவர் போய்ப் பார்க்கக்கூடிய ஆள் இல்லை. அதிகாரியின் அறையைக் காட்டினேன், போனார்.

அடுத்த முறை நோட்டீஸ் எழுதும்போது 'நாங்கள் ஏலம் விடுவோம்' என்று எழுதிக் கொடுத்தேன். மேலே போன தாள் 'விடுவோம்' அடிபட்டுத் திரும்பி வந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் 'விடப்படும்' என்றிருந்தது. திருத்தியவர் பெயர் போட்டிருக்கவில்லை.