நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து கடைவீதிக்கு: ஐகியாவின் சிறு கடைகள் தோன்றிய வரலாறு

ஸ்வீடன் தேசத்து மரச்சாமான் வியாபார ஸ்தாபனமான ஐகியா, சமீப ஆண்டுகளில் பாரிஸ், டோக்கியோ, வியன்னா, லண்டன் முதலிய மாநகரங்களின் மத்தியில் சிறு கடைகளைத் திறந்து வருவதைக் காண்போர், அதனை இணைய வாணிகம் விளைத்த புதுமை என்றே பெரும்பாலும் கொள்கின்றனர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அந்த ஸ்தாபனத்தின் எண்பதாண்டுச் சரித்திரத்தை ஆதியிலிருந்து நோக்குவோமாயின், கடை சுருங்கியது என்பதைக் காட்டிலும் முக்கியமான வேறொரு மாறுதல் புலப்படும். வாங்கிய பொருளைச் சுமந்து சென்று வீட்டில் சேர்க்கும் சிரமம் யாரைச் சேர்ந்தது என்னும் கணக்கே திருத்தி எழுதப்பட்டிருக்கிறது.

இங்வார் காம்பிராட் 1943ஆம் ஆண்டில், தம் பதினேழாம் வயதில், தெற்கு ஸ்வீடனின் ஸ்மோலாந்துப் பிரதேசத்தில் தொடங்கிய வியாபாரம் பேனா, பணப்பை போன்ற சில்லறைச் சாமான்களைச் சார்ந்ததாகவே இருந்தது. மரச்சாமான்கள் 1948இல் சேர்ந்தன. 1951இல் பொருள்களின் பட்டியல் நூல் வெளிவந்தது. தபால் மூலம் நடந்த அந்த விற்பனையில் போட்டிக்காரர் விலையைக் குறைக்க இவரும் குறைக்க, துணி தேய்க்கும் பலகை முதலியவற்றின் தரமும் விலையோடு சேர்ந்தே இறங்கிற்று. பொருளை நேரில் காணாமல் பணம் அனுப்பும் ஜனங்களின் நம்பிக்கையும் தளரலாயிற்று. அதற்கு அவர் கண்ட பரிகாரம், எல்ம்ஹுல்ட் என்னும் சிற்றூரில் ஒரு பழைய தச்சுப்பட்டறையை விலைக்கு வாங்கி 1953இல் திறந்த காட்சிக்கூடம். அங்கே மேஜையைத் தடவிப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். மலிவானதையும் அதனினும் விலை கூடியதையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். ஆர்டர் எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பலாம். சாமான் பிறகு வந்து சேரும். பார்க்கும் இடமும் சரக்கு இருக்கும் இடமும் வெவ்வேறாக அமைந்த இந்த ஏற்பாடே ஸ்தாபனத்தின் மூல வடிவம் என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பிற்காலத்துப் பெருங்கடைகளின் கீர்த்தி இதனைப் பெரிதும் மறைத்துவிட்டது.

அந்தப் பெருங்கடைகளுக்கு வித்திட்டது ஒரு சிறு யோசனை. மேஜையொன்று காருக்குள் நுழையாதபோது அதன் கால்களைக் கழற்றிவிடலாமே என்று கில்லிஸ் லுண்ட்கிரென் என்னும் வடிவமைப்பாளர் கூறியதிலிருந்து, சாமானைப் பாகங்களாகப் பிரித்துத் தட்டையான அட்டைப்பெட்டியில் விற்கும் முறை 1956 முதல் விருத்தியடைந்தது. 1958இல் எல்ம்ஹுல்டில் 6,700 சதுர மீட்டர் விஸ்தாரமுள்ள கடை எழுந்தது. 1965இல், ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே, குங்கென்ஸ் குர்வாவில், நெடுஞ்சாலையின் ஓரத்தில், நியூயார்க்கின் குக்கன்ஹைம் அருங்காட்சியகத்தைப் பின்பற்றி வட்ட வடிவில் மாபெரும் கட்டடம் எழுந்தது. 1970இல் தீவிபத்துக்கு இரையான அக்கடை மறு ஆண்டு புதுப்பிக்கப்பட்டுத் திறந்தபோது, கிடங்கின் கதவு வாடிக்கையாளருக்கே திறந்துவிடப்பட்டிருந்தது. மாடியில் கண்ட அலமாரியின் எண்ணைத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, கிடங்கின் சந்துகளில் அதனைத் தேடி, ஆளுயரப் பெட்டியைத் தம் கையாலேயே சரித்துத் தள்ளுவண்டியில் ஏற்றி, கல்லாவில் பணம் செலுத்தி, காரின் கூரையில் கட்டி, வீடு சேர்ந்து, திருகாணிகளை முடுக்கி நிமிர்த்தும் வரையில் உள்ள காரியங்கள் அனைத்தும் வாங்குபவர் தலையில் விழுந்தன. விலை மலிவுக்கு மூலதனமாக இருந்தவற்றுள் கூலியில்லாத இந்த உழைப்பும், வாங்குபவரின் சொந்தக் காரும், ஊர்ப்புறத்தின் மலிவான நிலமும் முக்கியமானவை. அமெரிக்காவில் பிலடெல்பியாவுக்கு அருகே 1985இலும், இங்கிலாந்தில் வாரிங்டனில் 1987இலும் வேரூன்றியது இம்முறையே.

நகரத்துக்குள் வரவேண்டிய நிர்ப்பந்தம் முதலில் சட்டத்தின் வழியாகவே வந்தது. ஊர்ப்புறக் கடைகளால் கடைவீதிகள் பாழாவதைக் கண்ட பிரிட்டிஷ் அரசாங்கம், நகர மையத்தில் இடம் உண்டா என்று ஆராய்ந்த பின்னரே வெளியில் அனுமதிக்கலாம் என்னும் கொள்கையை 1996இல் வலியுறுத்திற்று. அதன் பின் 2007இல் கவென்ட்ரி நகரத்தின் நடுவே ஐகியா எழுப்பிய கடை ஏழு தளங்கள் கொண்டது. அகலத்தில் பரவியிருந்த கிடங்கையும் காட்சிகளையும் உயரத்தில் அடுக்கிவிட்டார்களேயன்றி, வியாபாரத்தின் தர்மத்தை மாற்றவில்லை; 2020இல் அக்கடை மூடப்பட்டபோது, பல தளங்களில் பரவிய அமைப்பும் அதனால் ஏறிய செலவுமே காரணங்களுள் சேர்ந்தவையென ஸ்தாபனமே அறிவித்தது. இத்தோல்வியை இவ்வரலாற்றின் மிகச் சிறந்த பாடமாக நான் கருதுகிறேன்.

ஜெர்மனியில், ஹாம்பர்க்கின் ஆல்டோனா பகுதியில், நடைபாதைக் கடைவீதியிலேயே ஐகியா கடை அமைப்பதை எதிர்த்துக் கலைஞர்களும் குடியிருப்போரும் கிளர்ச்சி செய்ய, விவகாரம் 2010இல் பொதுஜன வாக்கெடுப்புக்குப் போயிற்று. பெரும்பான்மையோர் கடைக்கே ஆதரவு தந்தனர். 2014இல் திறந்த அக்கடையில், சுமைச் சைக்கிள்கள் வாடகைக்குக் கிடைத்தன. கார் இல்லாத வாடிக்கையாளரை ஸ்தாபனம் கணக்கில் எடுத்துக்கொண்டதற்கு அது அடையாளம்.

பெரிய சாமான்களைப் பொறுத்தவரை, காட்சிக்கும் கிடங்குக்கும் இடையே முழுமையான பிரிவினை 2019 மே மாதம் பாரிஸின் மதலேன் பகுதியில் திறந்த கடையில் காணக் கிடைக்கிறது. அதன் விஸ்தாரம் 5,400 சதுர மீட்டர். 1958இன் எல்ம்ஹுல்ட் கடையைவிடக் குறைவு. விளக்கு, பாத்திரம், தலையணை போன்றவற்றைக் கையோடு எடுத்துச் செல்லலாம். கட்டிலும் சோபாவும் பார்வைக்கு மட்டும், பிறகு வீட்டுக்கு அனுப்பப்படும். 1953இன் காட்சிக்கூடம் மீண்டு வந்தது என்றே கூறவேண்டும். டோக்கியோவின் ஹராஜுகுவில் 2020இலும், வியன்னாவின் மேற்கு ரயில் நிலையத்தருகே 2021இலும் அடுத்தடுத்துக் கடைகள் திறந்தன. வியன்னாக் கடையில் கார் நிறுத்துமிடமே கிடையாது; வெளிப்புறத்தைச் சூழ்ந்த சட்டங்களில் மரங்கள் வளர்கின்றன; மேல்தளங்களில் பிரயாணிகள் விடுதி இயங்குகிறது.

கார் வைத்திருக்க இயலாதவர்க்கும் விரும்பாதவர்க்கும் இம்மாறுதல் பெரிய நன்மை. ஆனால் சுமை மறைந்துவிடவில்லை, கை மாறியிருக்கிறது. வாங்குபவர் செய்துவந்த வேலையைக் கிடங்குத் தொழிலாளியும் வண்டியோட்டியும் ஏற்கின்றனர். அதற்குரிய கட்டணம் பொருளின் விலைக்கு வெளியே தனியே வசூலாகிறது. 2018இல் இந்த நகரக் கடைகளுக்கான திட்டத்தை வெளியிட்ட, ஐகியா கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்தும் இங்கா குழுமம், பெரும்பாலும் நிர்வாக அலுவல்களில் 7,500 வேலைகளைக் குறைத்து, இரண்டாண்டுகளில் 11,500 புதிய வேலைகளை உண்டாக்குவதாக ஒருங்கே அறிவித்தது. லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் வீதியில் 2021இல் விலைக்கு வாங்கிய பழைய டாப்ஷாப் துணிக்கடைக் கட்டடத்தில், 2025 மே முதல் தேதி மூன்று தளங்களில் திறந்த கடையில் காட்சிக்கு உள்ளவை சுமார் 6,000 பொருள்கள். உடனே எடுத்துச் செல்லக்கூடியவை சுமார் 3,500. எஞ்சிய 2,500க்கும் கடைக்கு வெளியே கிடங்கு வேண்டும், வண்டி வேண்டும், வண்டி நிற்க வீதியில் இடம் வேண்டும். நகரசபைகள் கடைக்கு அனுமதி வழங்கும்போதே இம்மூன்றையும் கேட்டுப் பெறவேண்டும் என்பது என் துணிபு.