கடிதத்தை வெளியே விட்டது யார்?



பெரிய மனிதர் ஒருவரின் வட்ஸ்அப் செய்தி வெளியே வந்தால், அவர் முதலில் கேட்பது "இதை வெளியே விட்டது யார்?" என்பதுதான். இது இன்று வந்த பழக்கமல்ல.

1848 கலகத்தை நாமெல்லாம் படித்திருக்கிறோம். நாய் வரி, துப்பாக்கி வரி, கடை வரி, வீதி வேலை என்று சுமை ஏற, மாத்தளையிலும் குருணாகலிலும் மக்கள் எழுந்தார்கள். தேசாதிபதி டொரிங்டன் இராணுவச் சட்டம் போட்டார். புரன் அப்புவும், காவியுடையோடு குடாபொல தேரரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது பாடத்தில் அதிகம் வராது. லண்டனில் பாராளுமன்றக் குழு இதை விசாரித்தது. அப்போது குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்டும், உயர் அதிகாரி வுட்ஹவுஸும் மோதிக்கொண்டார்கள். நம் திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பிறகு புத்தகத்தில் எழுதியவர்தான் இந்த டெனன்ட். அவரைக் குறைத்துப் பேசி டொரிங்டன் வுட்ஹவுஸுக்கு எழுதியிருந்த அந்தரங்கக் கடிதங்கள் அந்தச் சண்டையில் வெளியே வந்தன.

1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். மற்ற இருவரும் இலங்கைச் சேவைக்குத் திரும்பவில்லை. ஆனால் யாரும் கெட்டுப்போகவில்லை. டொரிங்டன் 1851இல் பிரபுக்கள் சபையில் எழுந்து தன் ஆட்சியை நியாயப்படுத்தினார். டெனன்ட் 1852இல் பாராளுமன்ற உறுப்பினரானார். வுட்ஹவுஸ் பின்னாளில் பம்பாய் ஆளுநரானார். யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்ற பேச்சுக்குள் சுடப்பட்டவர்களின் நியாயம் பின்னால் போய்விட்டது.

வேறு விதமாக நடந்தவரும் உண்டு. 1898இல் அமெரிக்காவிலிருந்த ஸ்பெயின் தூதுவர் டுபுய் டி லோம், ஜனாதிபதி மக்கின்லியைப் பலவீனமானவர் என்று நண்பருக்கு எழுதிய கடிதம் திருடப்பட்டுப் பத்திரிகையில் வந்தது. திருட்டு என்று அவர் கூச்சல் போட்டிருக்கலாம். கடிதம் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு பதவியை விட்டார்.

அடுத்தவரின் கடிதம் அமானிதம். அதை வெளியே விட்டவர் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எழுதியவரின் கணக்கு அதனால் கழிந்துவிடாது. நாளை நம் ஊரிலும் ஒரு தலைவரின் ஸ்கிரீன்ஷொட் சுற்றும். அப்போது விட்டவரை மட்டும் தேடாமல், அதில் எழுதியிருப்பதால் பாதிக்கப்பட்டவர் யார் என்றும் கேளுங்கள்.