சிவனொளிபாத மலையின் வழித்துணைவர்

ஒரகடத்துத் தொழிற்சாலைகளை நோக்கி விரையும் வாகனங்களின் ஓசை இன்று ஓயாதிருக்கும் மணிமங்கலத்தில், இராஜகோபாலப் பெருமாள் ஆலயத்துச் சாசனங்களை நின்று வாசிப்பவருக்கு இலங்கை ஒரு யுத்த பூமியாகவே தோற்றமளிக்கும். சோழ மன்னன் முதலாம் இராஜாதிராஜனுடைய மெய்க்கீர்த்தி, அத்தீவின் மன்னர்களிடமிருந்து கவர்ந்த மகுடங்களை அங்கே பெருமிதத்தோடு வர்ணிக்கிறது. அதற்கும் நானூறு ஆண்டுகளுக்கு முன்பு, இவ்வூரிலேயே நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை முறியடித்ததைக் கூரம் செப்பேடு கூறுகிறது. அப்பல்லவனிடம் தஞ்சம் புகுந்திருந்த இலங்கை இளவரசன் மானவர்மன், சாளுக்கியருக்கு எதிராக அவனோடு நின்று போரிட்டான் என்கிறது சூளவம்சம். ஆயினும் வாளோடும் மகுடத்தோடும் சம்பந்தமற்ற வேறொரு விருத்தாந்தம், மொராக்கோ தேசத்துப் பிரயாணி ஒருவருடைய நூலில் தங்கியிருக்கிறது. தமிழ் மன்னர் ஒருவருக்கு மெய்க்கீர்த்தி பாடுவதாயின் நான் அதையே பாடுவேன்.

1344ஆம் ஆண்டில், மாலத்தீவிலிருந்து தமிழ்க் கரையை நாடிப் புறப்பட்ட அப்பிரயாணி இபின் பதூதாவின் கப்பலைக் காற்று திசைமாற்றிப் புத்தளத்தில் சேர்த்தது. அங்கே அவரை வரவேற்ற தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி பாரசீகம் அறிந்தவர்; தூர தேசங்களின் செய்திகளைக் கேட்டு மகிழ்ந்த அம்மன்னர், விருந்தினருக்கு என்ன வேண்டுமென்று வினவியபோது, ஆதமின் பாதச்சுவட்டைத் தரிசிப்பதன்றி வேறு விருப்பம் தமக்கில்லை என்றார் பிரயாணி. இஸ்லாமியருக்கு ஆதமின் பாதமாகவும், சைவருக்குச் சிவனுடைய பாதமாகவும், பௌத்தருக்குப் புத்தருடைய பாதமாகவும் விளங்கும் அச்சுவட்டைத் தாங்கிய சிவனொளிபாத மலை 2,243 மீட்டர் உயரமுடையது. அட்டைகளும் அடர்ந்த வனமும் நிறைந்த பிரதேசம். மன்னர் தயங்கவில்லை. அடிமைகள் சுமக்கும் பல்லக்கு ஒன்றும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகியர் நால்வரும், அந்தணர் மூவரும், துணைவர் பதின்மரும், உணவுப் பண்டங்களைச் சுமக்கப் பதினைவரும் பிரயாணியுடன் அனுப்பப்பட்டனர்.

வழித்துணை என்பது வழியை மட்டும் அறிந்திருப்பதன்று; அவ்வழியின் ஆபத்துகளையும் அவற்றுக்குரிய பரிகாரங்களையும் அறிந்திருப்பதாகும். நீரோரத்து மரங்களிலும் புற்களிலுமிருந்து பாயும் அட்டைகளின்மீது பிழிவதற்கு எலுமிச்சம்பழமும், கடித்த இடத்தைச் சுரண்டுவதற்கு மரக்கத்தியும் அங்கே செல்வோர் வைத்திருந்தனர். சிகரத்துக்கு ஆதமின் பெயரால் ஒன்றும் ஏவாளின் பெயரால் ஒன்றுமாக இரண்டு பாதைகள் இருந்தன. பின்னது எளிது, ஆனால் அதன் வழியே ஏறியவர் யாத்திரை செய்தவராகவே கருதப்படமாட்டார். கடினமான பாதையில், பாறையில் வெட்டிய படிகளின் அருகே பற்றி ஏறுவதற்கு இரும்புச் சங்கிலிகள் பிணைக்கப்பட்டிருந்தன. அவை பத்து என்று எண்ணிய பதூதா, பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்ற பெயர் வழங்கியதையும் குறித்திருக்கிறார். அவ்விடத்தில் கீழே நோக்குபவர், விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் இஸ்லாமிய விசுவாச வாசகமான கலிமாவை ஓதுவாராம்.

இந்த ஏற்பாடுகளெல்லாம் ஒரு தலைமுறையில் உண்டானவையல்ல. 1070இல் சோழர் ஆட்சியை இலங்கையிலிருந்து அகற்றிய முதலாம் விஜயபாகு, மலைவழியில் யாத்திரிகர் படும் துன்பத்தைக் கண்டு, அவர்களுக்கு அன்னமளிப்பதற்காகக் கிலீமலை முதலிய ஊர்களைத் தானம் செய்தான். பகைவனாயினும் இச்செயலுக்காக அவனைத் தமிழர் வணங்கலாம் என்பேன். ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சமோனியில் வழிகாட்டிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தது 1821இல்தான். அதற்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, அயல்மதத்து அந்நியர் ஒருவரைச் சைவ யோகியர் அவருடைய ஆதமிடம் அழைத்துச் சென்றிருக்கின்றனர். பதூதா சங்கிலியின் பெயரைச் சொன்னார். அந்த நால்வரின் பெயர்களைச் சொல்லாமல் விட்டது எனக்கு ஆறாத குறை.

மன்னருடைய உபசாரம் மலையோடு முடியவில்லை. பிரயாணி திரும்பி வருமளவும், ஓராண்டாயினும் காத்திருப்பேன் என்று உறுதி கூறிய கப்பல் தலைவனையும் அவர் தம் விருந்தினனாகவே வைத்துக்கொண்டார். சிகரத்தினருகே கிழுறு நபியுடைய குகையில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைத் தரிசித்த பதூதா, ஏவாளின் பாதையால் இறங்கி, தேவிநுவரை, காலி, கொழும்பு வழியாகப் புத்தளத்தை அடைந்தபோது, அந்தக் கப்பல் அங்கேயே நின்றிருந்தது. அதிலேறித் தமிழ்க் கரைக்குப் புறப்பட்டார்.