பாதியாக்க முடியாத கோச்சி



பேஸ்லைன் ரோட் ஸ்டேசனைத் தாண்டி நாரஹேன்பிட்டை, நுகேகொடைப் பக்கம் போகும் கோச்சி ஏன் இப்படி வளைந்து வளைந்து மெதுவாகப் போகிறது? நம் பிள்ளைகள் கேட்கும் இந்தக் கேள்விக்கு விடை நூறு வருடத்துக்கும் பழையது.

1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடியபோது, இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஐந்தரை அடி. அதாவது 1676 மில்லிமீற்றர். பிறகு களனிவெளித் தோட்டங்களின் விளைச்சலைக் கொழும்புக்கு இறக்க ஒரு பாதை தேவைப்பட்டது. செலவைக் குறைக்க இரண்டரை அடிப் பாதை போட்டார்கள். 762 மில்லிமீற்றர், பாதிக்கும் குறைவு. 1902 இல் அது அவிசாவளையை அடைந்தது. 1912 இல் இரத்தினபுரி, 1919 இல் ஓப்பநாயக்க.

சிறிய பாதை கடும் வளைவுகளில் திரும்பும். மண் வெட்டும் வேலை குறையும், பாலமும் இலேசாகப் போதும். ஆனால் பெட்டிக்குள் உட்காரும் மனிதர் பாதியாக மாட்டார். அதனால் பெட்டியைப் பாதியாக்க முடியவில்லை. அது தண்டவாளத்துக்கு வெளியே இருபக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது, வேகமும் குறைந்தது. பெரிய பாதையின் எஞ்சின் இதில் ஓடாது, இதன் வேகன் அங்கே போகாது.

மாதிரி ரயில் செய்பவர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. எச்.ஓ. அளவு என்பது உண்மையில் 87 இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். பிரித்தானிய எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. அந்த அளவுக்குச் சுருக்கினால் அக்கால மோட்டார் உள்ளே அடங்கவில்லை. எனவே தண்டவாளத்தை அப்படியே வைத்து, உடலை மட்டும் 76 இல் ஒரு பங்காகப் பெரிதாக்கினார்கள். அதுதான் ஓ.ஓ. அளவு.

தொடர்மாடி வீட்டில் ஒரு மேசைதான் இருக்கிறது என்றால், 9 மில்லிமீற்றர் தண்டவாளம் கொண்ட என் அளவுக்கு இறங்கலாம். எல்லாமே 160 இல் ஒரு பங்காகிவிடும். மனிதர் ஒரு சென்ரிமீற்றர் அளவில் நிற்பார். இன்னொரு வழியும் உண்டு. 762 ஐ 87 ஆல் வகுத்துப் பாருங்கள்: 8.76. மனிதரையும் வீடுகளையும் எச்.ஓ. அளவிலேயே வைத்து, அந்த 9 மில்லிமீற்றர் தண்டவாளத்தைப் போட்டால் நம் பழைய களனிவெளிப் பாதை கிடைத்துவிடும்! பாடசாலைக் கண்காட்சிக்கு மாதிரி செய்யும் பிள்ளைகள் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். எதைச் சுருக்குவது, எதைச் சுருக்காமல் விடுவது என்று முதலில் முடிவெடுங்கள்.

அந்த முடிவு நீண்ட காலம் நிற்கும். அவிசாவளைக்கு அப்பால் ரயில் 1970களில் நின்றது. 1990களில் அவிசாவளை வரை பாதையை அகலமாக்கினார்கள். தண்டவாளம் அகன்றது, அந்தப் பழைய வளைவுகள் அப்படியே இருக்கின்றன. இன்று ஹோமாகமையிலிருந்தும் மகரகமையிலிருந்தும் வேலைக்கு வருபவர்கள், தேயிலைக்காகப் போட்ட வளைவுகளில்தான் தங்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள்.

அந்தச் சின்னக் கோச்சியில் போனவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். வாப்பாவிடம், அப்பாவிடம், உம்மும்மாவிடம் கேளுங்கள். பெட்டியின் நிறம், ஆசனம் இருந்த விதம், எஞ்சின் சத்தம், எதுவானாலும் கீழே எழுதுங்கள். மாதிரி செய்யும் பிள்ளைகளுக்கு அளவு கணக்கில் கிடைத்துவிடும். மற்றதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.